தேக்கா மாடியில் சொன்ன "தெரியலை"

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது இது. சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மேல்மாடியில், ஒரு தையல் கடையின் முன்னால் அம்மாவும் நானும் நின்றிருந்தோம். மறுநாள் காலை எனக்கு ஒரு நேர்முகம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒப்பந்த உதவியாளராக இருந்த என்னை முனைவர் பட்ட மாணவியாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அதில் முடிவாகும். அதற்காகத் தைக்கக் கொடுத்த சுடிதாரின் கை நீளம் சரியில்லை என்று அம்மா அதைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா தொடக்கப்பள்ளியோடு நின்றவர். ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். அப்பா மளிகை மொத்தக் கடைக்கு லாரி ஓட்டுகிறார். அவருக்கும் அவ்வளவுதான் படிப்பு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான். புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக்குள் ஆங்கிலத்தில் எது வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். கைத்தொலைபேசியில் வரும் குறுஞ்செய்தி, புதிதாக வாங்கிய சலவை இயந்திரத்தின் பொத்தான்கள், அடுக்குமாடி புளோக்கின் கீழே லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பு எல்லாவற்றுக்கும் நான்தான். "பாப்பாவைக் கேளுங்க, அதுக்குத் தெரியும்" என்பார் அம்மா. பக்கத்து வீட்டாரும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். ஏழு வயதிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்ததால், தெரியாது என்று சொல்லும் வழக்கமே எனக்கு வரவில்லை.

அன்று கடையிலும் அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையிலயே வேணுமா? அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டார் தையல்காரர்.

"டாக்டருக்குப் படிக்கப் போகுது அண்ணே."

"அட! அப்ப என் இடுப்பு வலிக்கு ஒரு மருந்து எழுதிக் குடும்மா. உக்காந்தா எந்திரிக்க முடியல."

"நான் அந்த டாக்டர் இல்ல அங்கிள்."

"பின்ன எந்த டாக்டர்?"

எனக்கு முன்னால் அம்மாவே பதில் சொன்னார். "கம்ப்யூட்டர்ல டெங்கிக்கு மருந்து கண்டுபிடிக்குது."

"கம்ப்யூட்டரையும் கொசு கடிக்க ஆரம்பிச்சிருச்சா லா?" என்று சொல்லிவிட்டு அவர் கையின் தையலைப் பிரிக்க உட்கார்ந்தார்.

நான் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. டெங்கிக் கிருமியின் ஒரு புரதத்தில் ஒரு மூலக்கூறு எப்படிப் போய் ஒட்டுகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. நான்கு கட்டங்களாக ஓடும் கணக்கு அது. மூன்றாவது கட்டம் அன்று மாலைக்குள் முடியும். நான்காவது தானாகத் தொடங்கி இரவு முழுவதும் ஓடும். விடிந்ததும் வரும் படத்தை எடுத்துக்கொண்டு நான் நேர்முகத்துக்குப் போவேன். ஏற்பாடு அப்படி. அந்தப் படம் இல்லாமல் என்னிடம் காட்ட வேறு ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கங்க. நான் பக்கத்து லேப்ல போன வாரம் புதுசா சேர்ந்திருக்கேன். மெஷின் மேல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க."

ஒரு பெண்ணின் குரல், மதுரைப் பக்கத்துப் பேச்சு. வணக்கத்துக்கும் தப்புக்கும் நடுவில் அவர் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

"என்ன தப்பு?"

"ஸ்டார்ட்அப் ஃபைல்ல ஒரு வரி சேர்க்கப் போனேன். மொத்த ஃபைலும் போயிருச்சு. இப்ப அதுல என் வரி ஒண்ணு மட்டுந்தான் இருக்கு. பழசுக்குக் காப்பி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அறிவியல் மென்பொருளை நிறுவுவது, கைத்தொலைபேசியில் ஒரு செயலியை இறக்குவது போல ஒரு தட்டில் முடியும் காரியமில்லை. நிறுவிய பிறகு, அது எந்த இடத்தில் இருக்கிறது, அது சார்ந்திருக்கும் துணை நிரல்கள் எங்கே, அளவுகள் அடங்கிய தரவுகள் எங்கே என்றெல்லாம் கணினிக்கு எழுதி வைக்க வேண்டும். இந்தக் குறிப்புகளை என்வைரன்மென்ட் வேரியபிள் என்பார்கள். தமிழில் சூழல் மாறி. ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் கணினி இவற்றை ஒரு தொடக்கக் கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும். குறிப்பு இல்லையென்றால், மென்பொருள் கண்ணெதிரே வட்டில் இருந்தாலும், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடும்.

எங்கள் தளத்தில் இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய கணினி, ஒரே பொதுக் கணக்கு. ஆகவே தொடக்கக் கோப்பும் ஒன்றுதான். யார் புதிய மென்பொருளை நிறுவினாலும் தங்கள் வரியைக் கோப்பின் அடியில் சேர்த்துவிட்டுப் போவார்கள். மற்றவர் வரியைத் தொடுவதில்லை. வேலையை விட்டுப் போனவர்களின் வரிகளும் அப்படியே கிடக்கும். கடைசியில் சேர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. முழுவதையும் நீக்கிவிட்டு இதை மட்டும் எழுது என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். அந்தப் பெண் அவசரத்தில் இரண்டாவதைக் கொடுத்துவிட்டார். எங்கள் வேலையில் இருப்பவர்கள் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். ஒருமுறையாவது கை அந்தப் பக்கம் போயிருக்கும்.

காப்பி இல்லை. வேறு யாராவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்திருக்கிறோம். அந்தக் கணினிக்குப் பொறுப்பு நான்தான் என்பதால் நானும் சேர்த்தி.

"என் கணக்கு ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடுதுங்க. மூணாவது கட்டம்னு காட்டுது. முக்காவாசி தாண்டிருச்சு."

ஓடுகிற கட்டத்துக்கு ஆபத்தில்லை. தொடங்கும்போதே அது குறிப்புகளைப் படித்து எடுத்துக்கொண்டிருக்கும். ஆபத்து நான்காவதுக்குத்தான். அது புதிதாக உள்நுழைந்து கோப்பைப் படிக்கும். அங்கே ஒன்றும் இருக்காது. நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அந்தக் கணினியில் அதே மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றும் இருந்தது. குறிப்பு இல்லாவிட்டால் அதை எடுத்துக்கொண்டு, ஒரு குறையும் சொல்லாமல், விடியும்வரை தவறாக ஓடும். நான் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் நேர்முகக் குழுவின் மூன்று பேர் முன்னால் விளக்கிக்கொண்டிருப்பேன். நான்காவதைத் தொடங்கவிடாமல் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தினால் காலையில் படம் இருக்காது.

மடிக்கணினி வீட்டில் இருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது கட்டம் முடிந்துவிடும். தொலைபேசியிலேயே கோப்பைத் திரும்ப எழுத வேண்டும்.

"நான் சொல்றேன், நீங்க டைப் பண்ணுங்க," என்றேன்.

கடைக்கு எதிரே துணிமூட்டைகள் அடுக்கியிருந்த தூணருகே போய் நின்றுகொண்டேன். கீழ்த்தளத்து மீன் வாடை படியேறி வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஒரு காதைப் பொத்திக்கொண்டால்தான் மறு காதில் பேச்சு விழும். மென்பொருள் இருக்கும் இடத்தைச் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம். அவர் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். முதல் வரி முடிந்தது.

"அடுத்தது துணை நிரலுங்க. இங்க ரெண்டு ஃபோல்டர் இருக்கு. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. நீங்க எதை முன்னாடி போட்டிருந்தீங்க?"

இது சின்னக் கேள்வி இல்லை. கணினி முதலில் எழுதிய இடத்தில்தான் முதலில் தேடும். அங்கே கிடைத்துவிட்டால் அடுத்ததைத் திரும்பிப் பார்க்காது. ஆகவே வரிசை மாறினால் கணக்கே வேறு நிரலோடு ஓடும்.

புதுசு என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. புதியது முதலில் இருப்பதுதானே நியாயம்? ஆனால் உண்மை என்னவென்றால், அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன்பு, மென்பொருள் ஓடாமல் என்னைப் படாதபாடு படுத்தியபோது, இணையத்தில் யாரோ எழுதியிருந்ததை எடுத்து ஒட்டினேன். ஓடியது. ஏன் ஓடியது என்று திரும்பிப் பார்க்கவில்லை. "நீயா செட் பண்ணினாய்?" என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டபோது ஆமாம் என்றேன். அதனால்தான் கணினியின் மேல் என் எண் ஒட்டப்பட்டது.

அம்மா கடையை விட்டு என்னருகே வந்து நின்றிருந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் யாரோ என்னிடம் ஏதோ கேட்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது.

"சொல்லு பாப்பா. உனக்குத்தான் தெரியுமே," என்றார்.

தையல்காரரும் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் அந்தப் பெண் காத்திருந்தார். செய்த தவறை உடனே எடுத்துச் சொன்னவர் அவர். அவர் அழைக்காமல் இருந்திருக்கலாம். கோப்பு எப்படிக் காணாமல் போனது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒரு கணம் நினைத்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

"தெரியலை," என்றேன்.

சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. படியில் யாரோ தள்ளுவண்டியைத் தடதடவென்று இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் தெரியலைங்க," என்றார் அவர். "சரி. ரெண்டு பேருக்கும் தெரியலைன்னா தேடத்தான் வேணும்."

நான் அந்தக் கோப்பை விட்டுவிட்டு வேறு பக்கம் யோசித்தேன். ஊகிக்க வேண்டியதில்லை என்று ஆனதும் யோசிக்க முடிந்தது. "மூணாவது கட்டம் இன்னும் நல்லாத்தானே ஓடுது?"

"ஆமாங்க, அது பாட்டுக்கு ஓடுது."

"அப்ப அதுகிட்ட சரியான குறிப்பு எல்லாம் இருக்கணும்ல? தொடங்குறப்ப எடுத்துக்கிட்டது."

"இருக்கணும்..." என்றவர், சட்டென்று குரல் மாறி, "இருங்க, இருங்க. ஓடிக்கிட்டிருக்கிற ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு நம்பர் இருக்கும்ல. அந்த நம்பருக்குள்ள போய்ப் பார்த்தா அது எதையெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துச்சுன்னு பார்க்கலாம். எப்பவோ படிச்சிருக்கேன். ஆனா செஞ்சதில்ல," என்றார்.

"பாருங்க. ஆனா அது முடிஞ்சிருச்சுன்னா அதுவும் போயிரும்."

"தெரியுது. லைன்லயே இருங்க."

விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருமுறை "அய்யோ" என்றார், பிறகு "இல்ல இல்ல, வேற நம்பரைப் பார்த்துட்டேன்" என்றார். பிறகு திரையைப் படம் பிடித்து அனுப்பினார்.

விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாக் குறிப்புகளும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்காத நூல்கண்டு போல வந்திருந்தன. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் அங்கே படிக்க, நான் இங்கே பிரித்தேன்.

துணை நிரல்களின் வரி வந்தது. பழையது முன்னால் இருந்தது. புதியது பின்னால்.

நான் ஊகித்துச் சொல்லியிருந்தால் தலைகீழாகச் சொல்லியிருப்பேன். முதல் மூன்று கட்டங்கள் ஒரு நிரலோடும் நான்காவது வேறு ஒன்றோடும் ஓடியிருக்கும். ஒட்டவே கூடாத இரண்டை ஒட்டி ஒரே படமாகக் காட்டியிருப்பேன். அதுமட்டுமில்லை. அளவுத் தரவுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் இன்னொரு வரியும் அதில் இருந்தது. அப்படி ஒன்றை நான் வைத்திருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் கேட்டிருக்கவும் மாட்டார், நான் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

என் வரிகளோடு மற்றவர்களின் வரிகளும் அந்தக் கண்டுக்குள் இருந்தன. எல்லாவற்றையும் அவர் எழுதி முடித்துச் சேமித்தார். புதிதாக ஒரு சாளரம் திறந்து, மென்பொருளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது சரியான பதிப்பின் பெயரைச் சொன்னது.

"இப்ப காப்பி எடுத்து வச்சிட்டேங்க. ரெண்டு இடத்துல," என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

மூன்றாவது கட்டம் முடியும்வரை இருவரும் தொடர்பிலேயே இருந்தோம். மதுரையில் இந்நேரம் மழை என்றார். இங்கேயும் வரும் போலிருக்கிறது என்றேன். பிறகு, "நாலாவது தொடங்கிருச்சுங்க" என்று இன்னொரு படம் அனுப்பினார். சரியாகத் தொடங்கியிருந்தது.

"ஏன் உடனே கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது குற்றம்சாட்டுவது போல இருக்கிறதோ என்று தோன்றியது.

"கூப்பிடாம எப்படிங்க? உங்க கணக்கு ஓடுறது கண்ணு முன்னாடி திரையில தெரியுது. மெஷின் மேல நம்பரும் இருந்துச்சு, அடிச்சிட்டேன்."

கடைக்குத் திரும்பியபோது சுடிதார் தயாராக இருந்தது.

"என்னம்மா, மருந்து கிடைச்சிருச்சா?" என்றார் தையல்காரர்.

"கிடைச்ச மாதிரிதான் அங்கிள்."

"அப்ப அடுத்தது இடுப்பு வலியைப் பாரு."

மறுநாள் நேர்முகம் நன்றாக நடந்தது, இடமும் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் ஒருவர், ஏன் பழைய துணை நிரலைப் பயன்படுத்துகிறாய் என்று சரியாக அதையே கேட்டார். அப்படித்தான் ஓடுகிறது, காரணம் எனக்கு இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ள இப்படிச் சோதிக்கலாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஆனால் என்னால் மறக்க முடியாதது நேர்முகம் இல்லை. தேக்காவிலிருந்து திரும்பும்போது ரயிலில் நடந்தது.

உட்கார இடம் கிடைத்தது. அம்மா சுடிதார்ப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, போன்ல தெரியலைன்னு சொன்னியே."

"ஆமா."

"உனக்கே தெரியலையா?"

"தெரியலம்மா."

"அப்பன்னா பெரிய வேலைதான் போல," என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இல்லை. போன தடவையைவிடக் கடினமான தேர்வு என்று கேள்விப்பட்டவரின் குரல் போல இருந்தது.

சைனாடவுன் நிலையம் தாண்டியதும் மறுபடி தொடங்கினார். "அன்னிக்கும் அப்படிச் சொல்லியிருக்கலாம் லா நீ."

"என்னிக்கு?"

"நீ பிரைமரி ரெண்டு படிக்கிறப்ப. லிஃப்ட் கிட்ட நோட்டீஸ் ஒட்டுனாங்கல்ல? நாளைக்குத் தண்ணி வராதுன்னு படிச்சுச் சொன்னே."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. வாளி, குண்டான், சோற்றுப்பானை, என் பள்ளித் தண்ணீர்ப் புட்டிவரை எல்லாவற்றிலும் நீர் பிடித்து வீடு முழுவதும் வைத்திருந்தோம். அப்பா இன்னொரு பெரிய வாளி வாங்க ஜாலான் புசார்வரை போய்வந்தார். நான் படித்துச் சொன்னதால் வீடு தப்பித்தது. என் நினைவில் அது என் முதல் வெற்றி.

"ஆமா, நல்லவேளை பிடிச்சு வச்சோம்," என்றேன்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "எங்க தண்ணி நின்னுச்சு? நோட்டீஸ்ல இருந்தது பெயின்ட் அடிக்கிற விஷயம், மறுநாள் அடிக்க வந்தானுங்க! உங்க அப்பா குளிச்சுட்டு வந்து, கொழாய்ல நல்லா வருதே, இந்தத் தண்ணிய என்ன பண்றதுன்னு கேக்குறாரு."

என் நினைவில் அன்று தண்ணீர் நின்றிருந்தது. இத்தனை ஆண்டுகளாக அங்கே அது நின்றேதான் இருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"அப்பாதான் வேணாம்னாரு. சொல்லிட்டா அடுத்த நோட்டீஸ புள்ள படிக்காது, அப்பறம் யாரு படிக்கிறதுன்னாரு. நீ தூங்குனப்பறம் எல்லாத்தையும் செடிக்கு ஊத்தினோம்."

"அதுக்கப்பறம் நான் படிச்சதையெல்லாம் நம்புனீங்களா?"

"நம்புனோமே," என்றார் அம்மா. பிறகு, "ஆனா கீழ போறப்ப பக்கத்து புளோக் ஆன்டிகிட்ட ஒரு தடவ கேட்டுக்குவேன்," என்றார்.

எங்கள் நிலையம் வந்தது. இறங்கினோம்.

அந்த மதுரைப் பெண்ணும் நானும் இப்போது அதே கணினிக்குச் சேர்ந்து பொறுப்பு. ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு எண்கள். தொடக்கக் கோப்பில் நான் ஒரு வரியைச் சேர்க்கும்போது, அது எனக்கே புரியாத வரியாக இருந்தால், "இது ஏன் என்று எனக்குத் தெரியாது" என்று பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் சேமிக்கிறேன். எழுதும் ஒவ்வொரு முறையும், நான் தூங்கிய பிறகு சத்தமில்லாமல் வாளி வாளியாகத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிய இரண்டு பேர் கண்முன்னே வந்துபோகிறார்கள்.